ஸ்பெயினில் முதல் கிழமை: வாசகர் கேள்வி – பதில்

ஸ்பானிய மொழி படிக்கவென்று ஸ்பெயினுக்குப் போய், அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கப்போகிற மாணவர்களும் அவர்களின் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இம்முறை பதில் தருகிறோம். அனேகமானவை முதல் ஏழு நாளைப் பற்றியவை. எங்கள் பிள்ளைகளை அந்த நாட்களில் இலக்கணத்தை விடக் கூச்சமே கூடுதலாக வருத்துகிறது. பசித்தாலும் "காணும்" என்பார்கள். சுடுதண்ணீர் வராவிட்டாலும் பேசாமல் பச்சைத்தண்ணீரில் குளிப்பார்கள். ஆகவே எதை, எப்போது, எந்த வார்த்தையால் கேட்பது என்பதற்கே இங்கே கூடிய இடம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: ஞாயிறு பின்னேரம் மாட்ரிட்டில் இறங்குகிறேன். திங்கள் காலை வகுப்பு. அன்றிரவே வீட்டாரிடம் என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும்? வந்ததும் வராததுமாய்க் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவாகப் படாதா?
– மாணவி, சுன்னாகம்

பதில்: படாது. மாணவரை வைத்திருப்பதற்காக அந்தக் குடும்பத்துக்கு மொழிப் பள்ளி பணம் கொடுக்கிறது. முதல் இரவு வீட்டைச் சுற்றிக் காட்டுவது அவர்களுக்குப் பழகிய வேலை. அந்தச் சுற்றிலேயே கேட்டால் இரண்டு நிமிடத்தில் முடியும். புதன்கிழமை வரை தள்ளிப்போட்டால் அதற்குள் ஏதாவது ஒன்று பிழைத்துப்போகும்.

முதலில் திறப்பு. மாடிக் குடியிருப்பென்றால் கீழ்வாசலுக்கு ஒன்று, வீட்டுக் கதவுக்கு ஒன்று என்று இரண்டாவது தருவார்கள். அங்கே அனேகமான வீட்டுக் கதவுகள் இழுத்துச் சாத்தியதும் தாமாகவே பூட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து கைபிடியைத் திருகித் திறக்க முடியாது. குப்பை போடக் கீழே இறங்கினாலும் திறப்பு கையில் இருக்கட்டும். உள்ளே வந்த பிறகு திறப்பைப் பூட்டிலேயே விட்டுவிடாதீர்கள். உள்ளே திறப்பு நின்றால் பல பூட்டுகளை வெளியே இருந்து திறக்க முடியாது. வீட்டுக்காரரே வாசலில் நிற்க வேண்டி வரும். இரவில் பூட்டுத் திறப்பவரை அழைத்தால் கட்டணம் பெரியது, அது உங்கள் தலையில்தான் விழும். திறப்பைத் தந்த கையோடு, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க நீங்களே ஒருமுறை பூட்டித் திறந்து காட்டுங்கள்.

அடுத்தது விலாசம். வீதியின் பெயரும் கட்டட இலக்கமும் மட்டும் காணாது. எந்த மாடி, எந்தக் கதவு என்பதும் வேண்டும். கதவுக்கு எழுத்தோ இலக்கமோ இருக்கும், அல்லது இடது, வலது என்று எழுதியிருப்பார்கள். பார்சலோனாவின் பழைய கட்டடங்களில் "முதலாம் மாடி" தொடங்குவதற்கு முன்னாலேயே "எந்த்ரெசுவேலோ", "பிரின்சிபால்" என்று இரண்டு தட்டுகள் இருக்கலாம். முழு விலாசத்தையும் ஒரு கடதாசியில் எழுதி வைத்திருங்கள். போனில் சார்ஜ் இறங்குவது வழி தவறும் நேரத்தில்தான்.

பிறகு கேட்க வேண்டியவை நான்கு: காலையில் எந்த நேரம் குளிக்கலாம், சாப்பாடு எத்தனை மணிக்கு, உடுப்புத் தோய்ப்பது எந்த நாள், வைஃபை கடவுச்சொல் என்ன. "ஆ கே ஓரா சே சேனா?" என்றால் இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு. "கோமோ ஃபுன்சியோனா?" என்றால் இது எப்படி வேலை செய்கிறது. இந்த இரண்டாவது வசனத்தைச் சுடுதண்ணீர்க் கருவி, சலவை இயந்திரம், பூட்டு, யன்னல் தட்டி எல்லாவற்றின் முன்னாலும் நின்று விரலால் காட்டிக் கேட்கலாம்.

கேள்வி: நான் சைவம். மீனும் முட்டையும் தொடுவதில்லை. பள்ளியின் படிவத்தில் "வெஜிடேரியன்" என்று நிரப்பியிருக்கிறேன். அது போதுமா?
– மாணவன், நல்லூர்

பதில்: போதாது. ஸ்பெயினில் "கார்னே" என்ற சொல்லைக் கேட்டால் பலருக்கு மாடு, ஆடு, பன்றி என்று துண்டு துண்டாக வெட்டிச் சமைத்த இறைச்சிதான் நினைவுக்கு வரும். "நோ கோமோ கார்னே", அதாவது இறைச்சி சாப்பிடமாட்டேன் என்று மட்டும் சொன்னால், மெல்லிய பன்றித் தொடை இறைச்சியான "ஹமோன்" தட்டில் வந்து சேரும். சாலட்டின் மேல் சூரை மீன் கிடக்கும். ஏமாற்ற வேண்டுமென்று செய்வதில்லை. அவர்கள் சமையலில் அவை வாசனைக்குப் போடும் பொருட்கள்போல, கணக்கில் வராதவை.

ஆகையால் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள்: "நோ கோமோ கார்னே, நி ஹமோன், நி பொயோ, நி பெஸ்காதோ, நி அதூன், நி உவேவோஸ்." இறைச்சி, ஹமோன், கோழி, மீன், சூரை, முட்டை எதுவும் இல்லை. அதோடு "நி கால்தோ தே கார்னே" என்பதையும் சேருங்கள். இறைச்சி அவித்த சாறும் வேண்டாம் என்று பொருள். சூப்பிலும் சோற்றிலும் ஒளிந்து வருவது இந்தச் சாறுதான். பாலும் தயிரும் சாப்பிடுவீர்களென்றால் அதையும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எதுவுமே கொடுக்க முடியாதென்று அவர்கள் திகைத்துப்போவார்கள்.

சைவம்போலத் தோன்றி ஏமாற்றுபவை சில. பயறுபோன்ற பருப்பை வேகவைத்த "லெந்தேஹாஸ்" கறிக்குள் அனேகமாகச் சொரிசோ என்ற பன்றிச் சொசேஜ் இருக்கும். பொரித்த "குரொகேதாஸ்" உருண்டைக்குள் ஹமோன் இருக்கும். குளிர்ந்த தக்காளிச் சாறான "சல்மொரேஹோ" மீது முட்டையும் ஹமோனும் தூவுவார்கள். "தொர்தீயா தே பதாதாஸ்" உருளைக்கிழங்கென்றாலும் முட்டையில்லாமல் அது இல்லை. நம்பிச் சாப்பிடக்கூடியவையும் உண்டு: தக்காளியும் காய்களும் அரைத்த குளிர்ந்த சாறான "கஸ்பாச்சோ", பாணில் தக்காளி தேய்த்து ஒலிவ எண்ணெய் விட்ட "பான் கொன் தொமாதே", வெள்ளரிக்காயைப் போன்ற கலபசீன், குடைமிளகாய், தக்காளி சேர்த்து வதக்கிய "பிஸ்தோ", செவில் பக்கத்துக் கடலையும் கீரையும், சிறிய பச்சை மிளகாயைப் பொரித்து உப்புத் தூவிய "பிமியெந்தோஸ் தே பத்ரோன்". பிஸ்தோவின் மேலே முட்டை பொரித்து வைப்பது வழக்கம். "சின் உவேவோ" என்றால் முட்டை இல்லாமல் தருவார்கள்.

சோற்று ஆசைக்கு "அர்ரோஸ் பிளாங்கோ", அதாவது வெள்ளைச் சோறு, கேட்கலாம். குட்டை அரிசி, உள்ளியும் எண்ணெயும் சேர்த்து அவிப்பார்கள். சீனியில்லாத தயிர் எந்தக் கடையிலும் மலிவு. "யொகூர் நதுரால்" என்று பார்த்து வாங்குங்கள். இரண்டையும் குழைத்தால் வயிறு ஆறும்.

சாப்பாட்டு நேரம் இன்னொரு சிக்கல். காலையில் கோப்பியும் ஒரு துண்டுப் பாணும் அல்லது பிஸ்கற்றும்தான். பெரிய சாப்பாடு பகல் 2 மணிக்கும் 3 மணிக்கும் இடையில். இரவுச் சாப்பாடு 9 மணிக்குப் பிறகு. கோடையில் அங்கே இரவு 9.30 என்றால் யாழ்ப்பாணத்தில் அதிகாலை 1 மணி. முதல் மூன்று இரவும் மேசையில் கண் சொருகுவது அதனால்தான். வகுப்பு இடைவேளையில், 11 மணியளவில், கையில் ஏதாவது சாப்பிட வைத்திருங்கள். பின்னேரம் 6 மணிக்கு ஒரு பழமோ பாணோ சாப்பிடுவது அங்கே எல்லோரும் செய்வதுதான். அதற்கு "மெரியெந்தா" என்று பெயர். கேட்டு எடுக்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: மற்ற நாளில் மச்சம் சாப்பிடுவேன். வெள்ளிக்கிழமை மட்டும் விரதம். இதை விளங்கப்படுத்த முடியுமா?
– மாணவி, கரவெட்டி

பதில்: முடியும், அதுவும் இலகுவாக. கத்தோலிக்கத் தவக்கால வெள்ளிகளில் இறைச்சி தவிர்ப்பது அவர்களுக்குத் தெரிந்த வழக்கம். "லோஸ் வியெர்னெஸ் நோ கோமோ கார்னே, போர் ரெலிஹியோன்" என்றால், வெள்ளிகளில் சமயத்துக்காக இறைச்சி சாப்பிடுவதில்லை என்று உடனே பிடித்துக்கொள்வார்கள். ஆனால் அவர்களின் தவக்கால வெள்ளியில் மீன் உண்டு. கடலையும் கீரையும் கொட் மீனும் சேர்ந்த கறி அதற்கென்றே இருக்கிறது. எனவே "நி பெஸ்காதோ" என்பதை விடாதீர்கள். அறைக்குள் விளக்கோ சாம்பிராணியோ கொளுத்த முன் கட்டாயம் கேளுங்கள். மூடிய மாடி வீட்டில் புகை போக இடமில்லை.

கேள்வி: மகளுக்குக் கறித்தூள், கருவாடு, கறுத்தக்கொழும்பான் மாம்பழம், கறிவேப்பிலை எல்லாம் கட்டிக் கொடுக்கலாமா? வேறு என்ன கொடுத்து அனுப்ப வேண்டும்?
– ஒரு தாய், கொக்குவில்

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணி இறைச்சியோ பாற்பொருளோ கொண்டுபோக முடியாது.  பழம், இலை, காய் பச்சையாகக் கொண்டுபோகத் தாவர சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சம்பழம், தூரியன் என்ற ஐந்துக்கு மட்டும் விலக்கு. ஆகவே மாம்பழத்தையும் பச்சைக் கறிவேப்பிலையையும் வீட்டிலேயே விடுங்கள். மீன் வகைக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு, கருவாடு சட்டப்படி போகும். ஆனாலும் கொடுத்து அனுப்பாதீர்கள். மாடிக் குடியிருப்புகளின் நடுவே ஒரு கிணறுபோல வெளி இருக்கும். எல்லா வீட்டுக் குசினி யன்னலும் அதற்குள்தான் திறக்கும், எல்லா வீட்டு உடுப்பும் அதற்குள்தான் காயும். கருவாடு பொரித்தால் ஐந்து மாடியின் படுக்கை விரிப்பிலும் மணக்கும். குசினியில் மாணவர் சமைக்கலாமா என்பதே ஒப்பந்தத்தைப் பொறுத்தது, பலவற்றில் இல்லை.

வறுத்த மிளகாய்த்தூள் 200 கிராம், இறுக்கிக் கட்டி, பெரிய பெட்டிக்குள். சோற்றிலோ கடலையிலோ அவள் தன் தட்டில் தூவிக்கொள்ள அது காணும். தீர்ந்தால் மாட்ரிட்டில் லவபியேஸ் பகுதியிலும் பார்சலோனாவில் ரவால் பகுதியிலும் தெற்காசியக் கடைகள் இருக்கின்றன. வீட்டாருக்குப் பரிசாகப் பனையோலைப் பெட்டிக்குள் பனங்கட்டியும் கறுவாப்பட்டையும் தேயிலையும் வைத்துக் கொடுங்கள். மூன்றும் தடையில்லாதவை, பெட்டி அந்த வீட்டில் நிற்கும்.

உடுப்பு எட்டு நாளுக்குக் காணக்கூடியதாக இருக்க வேண்டும்; கிழமைக்கு ஒருமுறைதான் தோய்ப்பார்கள். வீட்டுக்குள் போட ஒரு சோடி மெல்லிய செருப்பு அவசியம். நாங்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடக்கிறோம். அங்கே வெறுங்காலோடு திரிந்தால் "குளிர் பிடிக்கும்" என்று வீட்டம்மா அதட்டுவார். மார்கழி, தையில் போவதென்றால் ஒன்றைக் கவனியுங்கள். செவில், கிரனாடா போன்ற தெற்கு நகரங்கள் வெப்பமானவை என்று எண்ணிக் குளிருடுப்பைக் குறைக்கக்கூடாது. அந்த வீடுகள் வெக்கையைத் தாங்கக் கட்டியவை. தரை ஓடு பதித்தது, பலவற்றில் மைய வெப்பமூட்டல் இல்லை. வெளியை விட வீட்டுக்குள்தான் குளிரும்.

மின்சாரம் எங்களைப் போலவே 230 வோல்ட்டு. துளைதான் வேறு, இரண்டு வட்டக் கம்பி. எங்கள் சதுர மூன்று கம்பிப் பிளக்கைச் செருகக்கூடிய அடப்டர் இரண்டு, கொழும்பில் ஏறும் முன் வாங்குங்கள்.

கேள்வி: குளியலறை, கழிப்பறைப் பழக்கம் எங்களுடையதைப் போலவா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.
– மாணவி, சாவகச்சேரி

பதில்: இல்லை, இங்கேதான் முதல் இரண்டு நாளில் கூடிய பிழை நடக்கிறது. எங்கள் குளியலறையில் தரை முழுவதும் தண்ணீர் ஊற்றலாம். மூலையில் தண்ணீர் போக ஓட்டை இருக்கிறது. அங்கே குளிக்கும் தொட்டிக்குள் மட்டும்தான் ஓட்டை. வெளித்தரையில் தண்ணீர் தேங்கினால் கீழ்வீட்டுக் கூரையில் கசியும். தொட்டிக்குத் திரைச்சீலை இருந்தால் அதன் நுனி தொட்டியின் உட்பக்கம் விழுந்திருக்க வேண்டும். முடிந்ததும் தரையைத் துடைத்துவிட்டு வாருங்கள்.

சுடுதண்ணீர் சில வீடுகளில் மின்தாங்கியிலிருந்து வரும். அது தீர்ந்தால் மறுபடி சூடேற நேரமெடுக்கும். தலைமுழுகி அரைமணி நின்றால் அடுத்தவருக்குப் பச்சைத்தண்ணீர்தான். உடம்பு நனைத்ததும் நிறுத்தி, சோப்புப் போட்டு, மறுபடி திறப்பது அங்குள்ள வழக்கம். ஏழெட்டு நிமிடத்தில் முடியும். வேறு வீடுகளில் காஸ் கருவி. குழாயை மெதுவாகத் திறந்தால் அது பற்றாமலே இருக்கும், அகலத் திறக்க வேண்டும். சிலிண்டர் முடிந்தாலும் பச்சைத்தண்ணீர்தான் வரும். "நோ சாலே அகுவா கலியெந்தே" என்று சொல்லுங்கள், மாற்றிவிடுவார்கள்.

கழிப்பறையில் வாளியும் கோப்பையும் இருக்காது. சிறிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை உங்கள் பையோடு வைத்து நிரப்பிக் கொண்டுபோங்கள், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பக்கத்தில் தாழ்வான இன்னொரு தொட்டி இருந்தால் அது கழுவுவதற்கான "பிதே". கடதாசியைக் கழிப்பறைக்குள் போடலாம். ஈரத்துடைப்பான், சானிட்டரி நாப்கின் எதையும் போடக்கூடாது. குழாய் அடைத்தால் முழுக் கட்டடத்துக்கும் தொல்லை.

கேள்வி: ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருக்கிறேன். இலக்கணம் தலையிடியாக இருக்கிறது. போன முதல் கிழமையில் பேச எதைப் பிடித்துக்கொள்வது?
– மாணவன், மானிப்பாய்

பதில்: தமிழைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தின் வழியாகப் போவதால் வரும் தலையிடி இதில் பாதி.

ஆங்கிலப் பாடப்புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்கும் "மே குஸ்தா" என்பது எங்களுக்கு "எனக்கு மாம்பழம் பிடிக்கும்" என்பதிலுள்ள "எனக்குப் பிடிக்கும்". மாம்பழம்தான் எழுவாய், நான் "எனக்கு" ஆகிவிடுகிறேன். ஒன்று பிடித்தால் "மே குஸ்தா", பல பிடித்தால் "மே குஸ்தான்", அவ்வளவுதான். "எனக்குத் தலை வலிக்கிறது" என்பது "மே துவேலே லா கபேசா", அதே கட்டு. மறந்து போச்சு என்பதைப் போலப் பிழையை எங்கள் தலையில் ஏற்றாமல் சொல்லும் வழியும் உண்டு: "சே மே ஆ ஒல்விதாதோ." திறப்பை மறந்தால் உதவும். வினைச்சொல்லே யார் என்பதைக் காட்டுவதால், வந்தேன், வந்தாய் என்பதுபோல, நான், நீ என்பதை விட்டுவிடலாம். ஒவ்வொரு வசனத்தையும் "யோ" என்று தொடங்கத் தேவையில்லை.

பசிக்குது, குளிருது, நித்திரை வருது, வெக்கையாக இருக்குது எல்லாவற்றுக்கும் "தெங்கோ" என்று தொடங்குங்கள்: தெங்கோ ஆம்பிரே, தெங்கோ ஃபிரீயோ, தெங்கோ சுவேஞோ, தெங்கோ கலோர். வெக்கைக்கு "எஸ்தொய் கலியெந்தே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது காம உணர்வைக் குறிக்கும். தடிமன் பிடித்தவரை "கொன்ஸ்திபாதோ" என்பார்கள். மலச்சிக்கலென்று நினைத்து மருந்துக்கடையில் அதைச் சொன்னால் தடிமன் மருந்துதான் கிடைக்கும்.

உச்சரிப்பிலும் எங்களுக்கு வசதி. அவர்களுடைய "த" பல்லில் நாக்குப் படும் எங்கள் "த"வேதான், "ட" இல்லை. இரண்டு உயிருக்கு நடுவே எங்கள் க, த, ப மெலிவதைப் போலவே அவர்களின் மெல்லொலிகளும் மெலியும். வழக்கறிஞர் என்ற பொருளுள்ள "அபொகாதோ"வில் ப கோபத்திலும், க அகத்திலும், த அதுவிலும் வருவதுபோல. "ஞ" அப்படியே இருக்கிறது: பாஞோ என்றால் குளியலறை, மஞானா என்றால் நாளை. வீட்டுப் பொருட்களில் மேசை, பாண், சப்பாத்து, அலுமாரி, துவாய், குசினி எல்லாம் போர்த்துக்கேயரால் எங்களுக்கு வந்தவை. ஸ்பானியத்தில் மேசா, பான், சபாதோ, அர்மாரியோ, தொஆயா, கொசீனா.

சறுக்கும் இடம் ஒன்று. மெலியக்கூடாத "த"வையும் நாங்கள் பழக்கத்தில் மெலித்துவிடுவோம். "நாத்தா" என்றால் பாலாடை, "நாதா" என்றால் ஒன்றுமில்லை. ஐஸ்கிறீம் கடையில் இரண்டும் கலந்துபோகும். அழுத்த வேண்டிய இடத்தில் இரட்டித்த "த்த" வரும் என்று எண்ணி, நீட்டாமல் சொல்லுங்கள். "பெரோ" (ஆனால்), "பெர்ரோ" (நாய்) என்ற இரண்டில் இரண்டாவதற்கு நாக்கு இரண்டு மூன்று தடவை அதிர வேண்டும். கொப்பியில் அதை "ற்ற" என்று எழுதிப் பழகாதீர்கள். வாசிக்கும்போது "காற்று" என்பதிலுள்ள ஒலி வந்துவிடும். ஸ்பானிய எழுத்திலேயே எழுதுங்கள், அவை ஒலித்தபடி எழுதப்படுபவைதான்.

தமிழ் கைகொடுக்காத இடங்கள் இரண்டு. "நான் யாழ்ப்பாணம்" என்று வினையில்லாமல் எங்களால் சொல்ல முடியும், அங்கே முடியாது. ஊர், தொழில், குணம் என்றால் "சொய்". இருக்கும் இடம், இப்போதைய நிலை என்றால் "எஸ்தொய்". "சொய் தே ஹாஃப்னா, எஸ்தொய் என் மத்ரித், எஸ்தொய் கன்சாதா." யாழ்ப்பாணத்தவள், மாட்ரிட்டில் நிற்கிறேன், களைத்திருக்கிறேன், ஆணென்றால் கன்சாதோ. மற்றது, உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. "ஓ"வில் முடிந்தும் கை பெண்பால், "லா மானோ". "ஆ"வில் முடிந்தும் நாள் ஆண்பால், "எல் தீயா". சொல்லைத் தனியே மனனம் செய்யாமல் "எல்", "லா" என்ற முன்னொட்டோடு சேர்த்தே படியுங்கள்.

வீட்டம்மாவை எப்படி அழைப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். "அன்ரி" என்ற பழக்கத்தில், அதே பொருளுள்ள "தீயா" (tía; நாள் என்ற día வேறு சொல்) என்று கூப்பிடாதீர்கள். இளசுகள் தங்களுக்குள் "டீ" போடும் சொல் அது. பெயரைச் சொல்லி அழைப்பதே அங்கே மரியாதை. பேச்சை "உஸ்தெத்" என்ற நீங்களில் தொடங்குங்கள். "தூ" என்று சொல் என அவர் சொன்னதும் மாறிவிடுங்கள். தாயின் வயதுள்ளவரை நீ என்பது நாக்கில் தடுக்கும், ஆனால் தொடர்ந்து "உஸ்தெத்" என்றால் தள்ளி நிற்கிறீர்கள் என்று நினைப்பார்.

கேள்வி: திங்கள் நடக்கும் தரத்தேர்வில் கூடிய புள்ளி எடுக்க என்ன செய்யலாம்?
– மாணவன், பருத்தித்துறை

பதில்: ஒன்றும் செய்யாதீர்கள். அது வகுப்பில் இருத்துவதற்கான தேர்வு. ஊகித்துச் சரி போட்டால் உங்களுக்குப் புரியாத வகுப்பில் இருத்துவார்கள். எங்கள் மாணவர்களுக்கு எழுத்தில் தேர்ச்சி கூட, காதும் வாயும் பின்தங்கியிருக்கும். எழுத்துத் தேர்வு மட்டும் வைத்தால் ஒரு படி மேலே போய்விடுவீர்கள். வாய்மொழித் தேர்வும் வையுங்கள் என்று கேளுங்கள். ஆசிரியர் பேசுவதில் பாதிக்குக் குறைவாக விளங்கினால் செவ்வாய் வகுப்பு முடிந்ததும் மாற்றச் சொல்லுங்கள். கிழமை முடிந்தால் மாறுவது கடினம்.

கேள்வி: மகனோடு தினமும் வீடியோவில் கதைக்க விரும்புகிறோம். எந்த நேரம் வசதி?
– ஒரு தகப்பன், உரும்பிராய்

பதில்: அங்கே பின்னேரம் 4 மணி. கோடையில் யாழ்ப்பாணத்தில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. பகற்சாப்பாடு முடிந்து வீடு அமைதியாக இருக்கும் நேரமென்பதால் அறைக் கதவைச் சாத்தி, காதில் கருவி போட்டுக் கதைக்கட்டும். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அழைக்காதீர்கள். வகுப்பை விட அந்த மேசையில்தான் அவன் கூடப் பேசப் பழகுவான். அதற்கென்று அன்றன்று மூன்று வசனம் எழுதித் தயார் செய்துகொண்டு போய் உட்காரச் சொல்லுங்கள். மூன்றாம் நாளளவில் தலையிடிக்கிறது, ஒன்றும் விளங்கவில்லை, திரும்பி வரப்போகிறேன் என்று அழலாம். நாள் முழுதும் புதிய மொழியைக் கேட்ட களைப்பு அது. நேரத்தோடு படுக்கச் சொல்லுங்கள், விமானச் சீட்டு விலை பார்க்க வேண்டாம்.

கேள்வி: மூன்று மாதத்துக்குக் குறைந்த படிப்பு. மாமா பாரிசில். போகும் வழியில் அங்கே நின்று, இடையில் லண்டனில் சித்தி வீட்டுக்கும் போய் வரலாமா?
– மாணவி, யாழ்ப்பாணம்

பதில்: பாரிசில் நிற்கலாம். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான, 90 நாளுக்கு உட்பட்ட செங்கன் விசாவுக்கு நீங்கள் கூடுதலான நாள் தங்கும் நாட்டிடம், அதாவது ஸ்பெயினிடம், விண்ணப்பிக்க வேண்டும். முதலில் இறங்குவது பிரான்சாக இருக்கலாம். அப்படியென்றால் கேள்வி கேட்கும் அதிகாரி பாரிசில்தான் இருப்பார். பள்ளியின் கடிதம், தங்குமிட உறுதி, திரும்பும் சீட்டு, குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். மாமா வீட்டில் தங்கும் நாட்களை விண்ணப்பத்திலேயே காட்டுங்கள்.

லண்டன் வேறு கதை. பிரித்தானியா செங்கனில் இல்லை, அதற்குத் தனி விசா வேண்டும். உங்கள் செங்கன் விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டும் என்றால், லண்டன் போன அந்த நிமிடமே அது முடிந்துவிடும், ஸ்பெயினுக்குத் திரும்ப முடியாது. சித்தியைப் படிப்பு முடிந்தபின் பாருங்கள். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம். 15 நாளுக்குப் பிந்தக்கூடாது.

கேள்வி: வீட்டார் என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள், அல்லது தொலைக்காட்சி பார்க்கிறார்கள். வேறு இரண்டு வெளிநாட்டு மாணவரும் அதே வீட்டில். என்ன செய்வது?
– ஸ்பெயினிலிருந்து ஒரு மாணவி, சொந்த ஊர் அளவெட்டி

பதில்: முதலில் நேரே கேளுங்கள்: "போதெமோஸ் அப்லார் என் எஸ்பாஞோல்?" ஸ்பானியத்தில் பேசலாமா என்று பொருள். பலர் உதவி செய்வதாக நினைத்தே ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள். குசினியில் காய் வெட்டக் கூடமாட நில்லுங்கள். கையில் வேலை இருக்கும்போது பேச்சு தானாக வரும், பொருட்களின் பெயரும் சேரும். இரண்டு நாளில் மாற்றமில்லையென்றால் பள்ளியில் தங்குமிடத்துக்குப் பொறுப்பானவரிடம் போங்கள். வியாழனுக்கு முன் சொன்னால் அடுத்த கிழமைக்கு வேறு வீடு பார்க்க அவருக்கு நேரம் இருக்கும். குறையை எழுதிக் கொடுங்கள். எத்தனை மாணவர், என்ன மொழி, எந்தச் சாப்பாடு தவறியது என்று திகதியோடு. "பிடிக்கவில்லை" என்று மட்டும் சொன்னால் பொறுத்துக்கொள் என்பார்கள். அறைக்கு யாரும் தட்டாமல் வருவது, பாதுகாப்பில்லையென்ற உணர்வு என்றால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். அன்றே சொல்லுங்கள். அவசரத்துக்கு 112.

கேள்வி: எல்லாப் படிவத்திலும் இரண்டு குடும்பப் பெயர் கேட்கிறார்கள். எனக்குத் தகப்பன் பெயர் மட்டும்தானே?
– அதே மாணவி

பதில்: ஸ்பானியர் தகப்பன் வழிப் பெயர் ஒன்று, தாய் வழிப் பெயர் ஒன்று என்று இரண்டு வைத்திருப்பார்கள். நீங்கள் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் உள்ளதை முதற்கட்டத்தில் எழுதி, இரண்டாவதை வெறுமையாக விடுங்கள். கட்டத்தை நிரப்பவென்று தாயின் பெயரையோ உங்கள் சொந்தப் பெயரையோ போட்டால், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும் சிம் அட்டையில் இன்னொரு பெயருமாகிப் பிறகு திருத்தித் திரிய வேண்டிவரும். முதலெழுத்தைச் சுருக்கி எழுதாதீர்கள், கடவுச்சீட்டில் விரித்து உள்ளபடியே எழுதுங்கள். சிம் வாங்கக் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். அதைக் கொண்டுபோகும் அன்றே பள்ளிப் பதிவிலும் பெயரின் எழுத்தைச் சரிபார்த்துவிடுங்கள்.